எந்த கைடு வாங்கலாம், டாக்டர்?

கேள்வி: ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மைக்ரோபயாலஜி பெரிய புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. ஒரு சீனியர் கேள்வி-பதில் கைடு போதும் என்கிறார், இன்னொருவர் கார்ட்டூன் போட்ட புத்தகத்தை வாங்கச் சொல்கிறார், ஹாஸ்டல் அக்கா வீடியோ பார் என்கிறார். எல்லாவற்றுக்கும் வீட்டில் காசு கேட்க முடியாது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: கடையில் நின்றபடியே கைடைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அட்டை, பொருளடக்கம் எதையும் பார்க்காமல் நேராக ஸ்க்ரப் டைஃபஸ் பக்கத்துக்குப் போங்கள். புதர் மண்டிய மலைப்பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் காய்ச்சல், நாளைக்கு உங்கள் வார்டிலேயே பார்ப்பீர்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? 'வீல்-ஃபெலிக்ஸ், ஓஎக்ஸ்-கே பாசிட்டிவ்' என்று ஒரு பழைய ரத்தப் பரிசோதனையின் முடிவை மட்டும் ஒரு வரியில் முடித்திருந்தால் அது பரீட்சைக்கு முந்தின இரவுக்கு மட்டும்தான் ஆகும்.

நல்ல கைடு என்றால், அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடச் சொல்லும். இந்தக் கிருமி உயிரணுவுக்குள் மட்டுமே வாழும், லேபில் கிருமி வளர்க்கும் சாதாரண கல்ச்சரில் வளராது, அதனால்தான் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐஜிஎம் எலைசா பார்க்கிறோம் என்று காரணத்தோடு சொல்லும். பென்சிலின் வகை வேலை செய்யாது, டாக்சிசைக்ளின் கொடு என்று அங்கேயே முடிக்கும். நோயாளி, மாதிரி, பரிசோதனை, மருந்து, இந்த நான்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். 2019ல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து 'தேயிலை பறிக்கும் பெண், பத்து நாள் காய்ச்சல், எப்படிக் கண்டுபிடிப்பாய்?' என்கிற மாதிரிக் கேள்விகளுக்குத்தான் எடை அதிகம்.

பெயர் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள், சரி. அனந்தநாராயணன்-பணிக்கர் எழுதிய பாடநூல் 1978ல் முதலில் வந்தது, நாங்கள் எல்லோரும் அதில்தான் வளர்ந்தோம். அதன் பழைய பதிப்புகள் கிருமி கிருமியாகப் போகும். அபூர்பா சாஸ்திரியின் புத்தகம் உடல் மண்டலம் வாரியாகப் போவதால் இன்றைய வகுப்போடு ஒட்டி வரும். இரண்டில் ஒன்றை லைப்ரரியில் எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன சோதனையில் தேறிய ஒரு மெல்லிய கைடை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

கார்ட்டூனும் வீடியோவும் பெயர்களை மனதில் நிறுத்த அருமையானவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் பல அமெரிக்கத் தேர்வை மனதில் வைத்துச் செய்தவை. அங்கே உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்கு அவ்வளவு இடம் கொடுப்பார்கள், 1957ல் கர்நாடகத்தில் தெரியவந்து நம் கூடலூருக்கு அடுத்த வயநாடு வரை வந்துவிட்ட குரங்குக் காய்ச்சலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்புறம், பாக்டீரியாவுக்கு நிறமேற்றி வகை பிரிக்கும் கிராம் ஸ்டெயின் எந்த கைடைப் படித்தாலும் கைக்கு வராது. நிறம் நீக்கும்போது சில விநாடி கூடினாலும் ஊதாவாக இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாகிவிடும். லேபில் கை பழகினால்தான் பிராக்டிகலில் தப்பிக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு சீனியர் ஒருவர் பாதி விலையில் பழைய மைக்ரோபயாலஜி புத்தகங்கள் தருகிறாராம். வாங்கலாமா?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: வாங்கலாம் அம்மா, மகளை மூன்று இடம் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) பக்கத்தில் ஆட்டு மூளையிலிருந்து எடுக்கும் தடுப்பூசியை இன்றைய சிகிச்சை என்று எழுதியிருந்தால் அப்படியே மூடிவிடலாம். 1907ல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனமே அதை எப்போதோ விட்டுவிட்டது; இப்போது லேபில் வளர்த்த உயிரணுக்களில் தயாரிக்கும் செல் கல்ச்சர் தடுப்பூசிதான், தோலுக்குள் போடுவதென்றால் 0, 3, 7, 28ஆம் நாட்களில். காசநோய்க்கு வாரம் மூன்று நாள் மாத்திரை என்றிருந்தால் அதுவும் பழசு, 2017லிருந்து தினசரி முறை. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் பெயர் இப்போது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் ஆகிவிட்டது, அது சின்ன விஷயம், பேனாவால் திருத்திக்கொள்ளலாம்.

இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பியல்) அடிப்படைக்குப் பழைய பதிப்பே போதும். நம்மூர் ஈரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த புத்தகம் என்றால் வாங்கும் முன் முகர்ந்து பாருங்கள், பாடத்தில் வரும் பூஞ்சை பக்கத்திலேயே இருக்கும்! அந்த சீனியரிடம் பழைய யூனிவர்சிட்டி கேள்வித்தாள் கட்டு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.