மூன்று துளை இருந்தால் எர்த் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் ஐயா கட்டிய வீடு. கரன்ட் வந்தது 1950களில். சுவரில் தேக்குப் பட்டை, அதன்மேல் கறுப்பு வயர். இரண்டாம் கட்டில் வைத்த பிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. மூன்று துளை பிளக்தான் போட்டிருக்கிறோம். எர்த் இல்லையா? பட்டையைப் பிடுங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, கண்டனூர்

பதில்: முதலில் மெயினை அணைத்துவிட்டு அந்தப் பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றுங்கள், ஆச்சி. மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் காலத்தில் விளக்குக்கும் விசிறிக்கும் இரண்டு வயர்தான் இழுப்பார்கள். பின்னால் வந்தவர்கள் அதே இரண்டு வயரில் மூன்று துளைப் பெட்டியை மாட்டிவிடுவார்கள். எர்த்துக்கான மேல் துளை வயரில்லாமல் வெறுமையாக இருக்கும். இன்னும் சிலர் பெட்டிக்குள்ளேயே நியூட்ரலை, அதாவது கரன்ட் திரும்பிப் போகும் வயரை, எர்த்தோடு முடிந்துவிடுகிறார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியாது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் பிரிட்ஜின் உடம்பில் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

மீட்டர் பலகையிலிருந்து உறையில்லாத இரும்புக் கம்பி சுவரோரம் இறங்கி மண்ணுக்குள் போகிறதா என்று பாருங்கள். போனாலும் நம்பிவிடக் கூடாது. தரைக்கு அடியில் துருப்பிடித்து அற்றுப்போன கம்பிகளை நம் பக்கத்து வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். கோடையில் நம் செம்மண் காய்ந்துவிட்டால், நல்ல எர்த் கூட வலுவிழக்கும். கருவி வைத்து அளந்துதான் சொல்ல முடியும்.

மெயின் பலகையில் பீங்கான் பியூஸ் இரண்டு இருந்தால், ஒன்று நியூட்ரலில் இருக்கலாம். அது மட்டும் எரிந்தால் விளக்கு அணையும், வயரில் கரன்ட் அப்படியே இருக்கும். கரன்ட் போய்விட்டது என்று கை வைப்பவருக்கு அது எமன். நியூட்ரலில் பியூஸ் வேண்டாம் என்று சொல்லி, எடுக்கச் செய்யுங்கள்.

கறுப்பு வயரின் ரப்பர் இதற்குள் இறுகி உதிரத் தொடங்கியிருக்கும். வளைத்துப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். பட்டையை மட்டும் தொட விடாதீர்கள். ஆணியைப் பிடுங்கினால் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்துவரும். அதே பூச்சைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. எர்த்தோடு சேர்ந்த புது உறை வயரை அதே பட்டையில் ஓட்டலாம்.

கரன்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் போடுங்கள். எர்த் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும், ஆனால் கரன்ட் உங்கள் உடம்பு வழியாகப் பாய்ந்த பிறகுதான். ஆகவே எர்த்துக்கே முதலிடம். உரிமம் பெற்றவரை அழைத்து, 2.5 மீட்டர் குழாயைப் பின்கட்டுக் கிணற்றடி ஈரத்தில் இறக்கச் சொல்லுங்கள். எர்த்தின் மின்தடை எத்தனை ஓம் என்று அளந்து எழுதி வாங்கிய பிறகு கூலியைக் கொடுங்கள்.