முறிந்த தக்காளிக் கன்றைப் பிடுங்கலாமா?

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து: நேற்றைய காற்றில் காய்த்த கன்று நடுத்தண்டில் முறிந்து, ஒரு பக்கத் தோலில் தொங்குகிறது. பிடுங்கிவிடட்டுமா, அண்ணா?

வேண்டாம், தங்கச்சி. அந்தத் தோல் வழியாக இன்னும் தண்ணீர் ஏறும். முறிவாயைப் பொருத்திப் பிடித்து, நான்கு பனையீர்க்கைச் சுற்றிவர வைத்து, நனைத்த வாழைநாரால் கட்டுங்கள். பெரிய காய்களை ஆய்ந்து பாரத்தைக் குறையுங்கள். முட்டுக்குக் காய்ந்த தடியே நல்லது. பச்சைக் கிளுவந்தடி வேர்விட்டுக் கன்றின் பசளையைத் தின்னும். மூன்று நாட்களுக்கு மேற்குப் பக்கம் ஒரு கிடுகு சாத்திவையுங்கள். போன மாரியில் என் வளவில் இப்படிக் கட்டிய கன்றில், முறிந்த இடம் முழங்கால் மொழிபோலத் திரண்டு இறுகியது. அதற்கு மேலே பிறகு பூவும் வந்தது.

சுன்னாகத்தில் இருந்து: என்னுடையது இரண்டு துண்டாகவே போய்விட்டது.

இரண்டு துண்டும் பிழைக்கும், தம்பி. அடித்துண்டில் இலைக்கக்கத்தில் வரும் தளிர்களில் திடமான ஒன்றை மட்டும் விடுங்கள். மேல்துண்டில் பூவையும் கீழிலைகளையும் நீக்கி, பாதித் தண்டை ஈரமணலில் புதைத்து நிழலில் வையுங்கள். தக்காளித் தண்டு மண் பட்ட இடமெல்லாம் வேர்விடும். காய்க்கு ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டும்.

உரும்பிராயில் இருந்து: வெள்ளம் நின்ற பாத்தியில் கன்றுகள் பச்சையாகவே வாடுகின்றன. யூரியா போடலாமா?

இப்போது போடவே கூடாது. முதலில் வாடிய ஒன்றின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நூல்போல இறங்கினால் அது பக்டீரியா வாடல், மருந்தில்லை. வேரோடு பிடுங்கி எரியுங்கள். அந்தத் தறையில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கும் வைக்காதீர்கள். பால் இறங்காவிட்டால் வேர் மூச்சுத்திணறுகிறது என்று எடுக்கலாம். வாய்க்கால் வெட்டி நீரை வடியவிட்டு, மண் காயும்வரை இறைப்பை நிறுத்துங்கள்.

இணுவிலில் இருந்து: தேறிய கன்றில் காயின் அடி கறுக்கிறது. சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள்.

நமது கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. பெரும்பாலும் சுண்ணாம்பு குறைவில்லை. ஒருநாள் வெள்ளமாக இறைத்து ஐந்து நாள் காயவிட்டால் வேரால் அதைக் காய்க்கு அனுப்ப முடியாது. அளவாக, ஒழுங்காக இறையுங்கள். அடியில் பூவரசங்குழை பரப்பினால் ஈரம் நிற்கும். கறுத்த காய்களை ஆய்ந்துவிடுங்கள், அவை திரும்பத் தேறா.