கையால் வெட்டும் கழுந்து துளைக்குள் ஏன் ஆடுகிறது?

ஒன்றரை அங்குலக் கனமுள்ள தேக்குச் சட்டத்தில் ஜன்னல் கதவு செய்வதாகவும், உளியை நன்றாகத் தீட்டியிருந்தும் கழுந்து (ஒரு சட்டத்தின் முனையில் வெட்டி இன்னொன்றின் துளைக்குள் செருகும் நாக்கு) ஆடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் சிறிய தச்சுப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தளர்வு பெரும்பாலும் கோடு போடும்போதே வந்துவிடுகிறது, உளியைக் குறை சொல்வதில் பயனில்லை.

துளையின் அகலம் சட்டத்தின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். உங்கள் சட்டத்துக்கு அது அரை அங்குலம். ஆனால் அளவுகோலை வைத்து அரை அங்குலம் குறிக்காதீர்கள். கையிலிருக்கும் அரை அங்குல உளியின் வாய்க்கே கோடு கீறும் இரண்டு முள் உள்ள கேஜைப் பொருத்தி, அதே அமைப்பை மாற்றாமல் துளைக்கும் கழுந்துக்கும் கோடு போடுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் இழைத்து மட்டம் பார்த்த ஒரு பக்கத்தை முகப்பக்கமாகக் குறித்துக்கொண்டு, கேஜை எப்போதும் அதன் மீதே சாய்த்து இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முறை இழுத்தாலும், கனத்தில் உள்ள சிறு வித்தியாசம் முழுவதும் இணைப்பில் வந்து சேரும்.

துளையை முதலில் வெட்டுங்கள். இரு முனைகளிலும் இரண்டு மில்லிமீட்டர் விட்டுவிட்டு நடுப்பகுதியைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) உளியை அடித்து எடுத்த பின்னரே முனைகளைச் செங்குத்தாகச் செதுக்க வேண்டும். உளியை நெம்பும்போது நசுங்கும் விளிம்பு அப்போது கழிவோடு போய்விடும். மறுபக்கம் வரை செல்லும் துளையென்றால் இரு பக்கங்களிலிருந்தும் பாதிப் பாதியாக வெட்டுவதே நல்லது. மூலையில் வரும் துளைக்கு அப்பால் சட்டத்தை ஓர் அங்குலம் நீளமாக விட்டு, கதவு சேர்ந்த பிறகு அறுத்துவிடலாம். இல்லையெனில் அடிக்கும்போது முனை பிளக்கும்.

கழுந்தின் தோளை, அதாவது அது சட்டத்தோடு சேரும் படியை, கத்தியால் கீறி, வாளைக் கோட்டின் கழிவுப் பக்கத்தில் ஓட்டி, கோடு கண்ணுக்குத் தெரியும்படி அறுங்கள். பிறகு இரு கன்னங்களையும், அதாவது அகலப் பக்கங்களையும், உளியால் மெல்லச் சீவி, கையால் அழுத்தினால் இறங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சுத்தியலால் அடித்தால்தான் இறங்கும் கழுந்து துளையின் சுவரைப் பிளந்துவிடும்.

எங்கள் பகுதியில் கடற்காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. மரம் நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். மழைக்காலத்தில் இறுக்கமாக இருந்த அகலக் கழுந்து சித்திரை வெயிலில் ஒடுங்க, துளையின் நீளமோ அப்படியே நிற்கும். ஆகவே வால்டாக்ஸ் சாலையில் வாங்கிய சட்டத்தை உடனே அறுக்காமல் பட்டறையில் சில வாரம் காற்றாட அடுக்கிவைப்பது நல்லது. ஆறேழு அங்குல அகலமுள்ள அடிச்சட்டத்துக்கு ஒரே கழுந்துக்குப் பதில் இரண்டாகப் பிரித்து வெட்டுங்கள். பசையை மட்டும் நம்பாமல் மர ஆணியும் இடலாம். கழுந்தில் போடும் ஓட்டை, துளைச் சுவரில் உள்ளதைவிட ஒரு மில்லிமீட்டர் தோள் பக்கமாக இருந்தால் ஆணி இறங்கும்போது தோள் இறுகும்.

ஏற்கெனவே ஆடும் கழுந்தை வீசிவிட வேண்டாம். அதே மரத்தில் மெல்லிய சீவலை நார் ஒத்துப்போகும்படி கன்னத்தில் ஒட்டி, காய்ந்த பின் மீண்டும் சீவிப் பொருத்துங்கள். இடைவெளியைப் பசையாலும் மரத்தூளாலும் அடைப்பது ஜன்னல் கதவுக்குத் தாங்காது.