ராத்திரி எத்தனை டிகிரி? குளிர்காலத் தொட்டிப் பூக்கள் கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மிதமான குளிர் என்று நான் சொல்வது பகலில் 18 முதல் 25 டிகிரி, ராத்திரியில் 5 முதல் 15 டிகிரி, எப்போதாவது ஒரு நாள் உறைபனி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இடம். பனி கொட்டிக் குவியும் இடத்துக்காரர்களுக்கு இந்தப் பதில்கள் ஒத்துவராது.

அக்கா, முதல் தடவையாகத் தொட்டி வைக்கிறேன். ஒரே ஒரு பூ சொல்லுங்கள். செத்துப்போகக் கூடாது.

வயோலா. பான்சிக்குத் தங்கை மாதிரி. பூ சின்னதுதான், ஆனால் எண்ணிக்கையில் பான்சியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பான்சியின் பெரிய இதழ் ஒரு மழையில் நனைந்து தொங்கிப்போகும். வயோலா உதறிக்கொண்டு நிமிர்ந்துவிடும். சுழியத்துக்குக் கீழே ஓரிரு டிகிரி போனாலும் இரண்டுமே தாங்கும். தாங்காதது வெயிலைத்தான். பகல் 25 டிகிரியைத் தொடர்ந்து தாண்டினால் தண்டு நீண்டு, பூ சிறுத்து, பார்க்கவே பாவமாகிவிடும்.

மற்றவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலண்டரைப் பார்த்துப் பூ வாங்காதீர்கள். தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெப்பமானியை ஒரு வாரம் தொங்கவிட்டு, விடியற்காலையில் என்ன காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போகிறதா? பான்சி, வயோலா, பிரிமுலா, சைக்ளமென், அலங்கார முட்டைக்கோஸ் எல்லாம் உங்களுடையவை. 10க்கும் 15க்கும் நடுவே நிற்கிறதா? ஸ்னாப்டிராகன், டயாந்தஸ், அலிசம், காலெண்டுலா, பெட்டூனியா. 15க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் பான்சி ஆசையை விட்டுவிட்டுப் பெட்டூனியா, செண்டுமல்லி, சால்வியா பக்கம் போங்கள். அவை குறைவில்லாமல் பூக்கும்.

நர்சரியில் பூத்துக் குலுங்கிய செடியாகப் பார்த்துத்தான் வாங்கினேன். 10 நாளில் மொட்டையாக நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. பூத்து முடியப்போகும் செடியை நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கிறீர்கள். பூவைப் பார்க்காதீர்கள், மொட்டுகளை எண்ணுங்கள். குட்டையாக, பக்கக் கிளைகளோடு, ஒன்றிரண்டு பூவும் நிறைய மொட்டுமாக இருப்பதுதான் நல்ல நாற்று. முடிந்தால் பையைச் சற்று விலக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பழுப்பாகி வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், கூடாரத்துக்குள் கதகதப்பாக வளர்ந்த செடியைக் கொண்டுவந்த அன்றே திறந்தவெளியில் நட்டால் திகைத்துப்போகும். 5, 6 நாள் பகலில் வெளியே, ராத்திரி சுவரோரம் என்று பழக்குங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் ஒரு தட்டு ஸ்னாப்டிராகன் நாற்றை ஒரே ராத்திரியில் சுருட்டிப்போட்டவள் நான்.

தொட்டி அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்கிறார்களே?

எல்லோரும் சொல்வார்கள். தவறு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, தட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், மறுபடி தண்ணீர் சொட்டும். மண்ணும் அப்படித்தான். அதன் அடிப்பகுதியில் எப்போதும் ஒரு ஈர அடுக்கு தங்கும். ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு மறைந்துவிடாது, ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்பாஞ்ச் இன்னொன்றையும் சொல்கிறது: தட்டையான தொட்டியைவிட உயரமான தொட்டி நன்றாக வடியும். இந்தப் பூக்களுக்கு 20 செ.மீ. ஆழமாவது வேண்டும்.

குளிர்காலத்தில் தொட்டிச் செடி சாவது பெரும்பாலும் குளிரால் இல்லை, ஈரத்தால். அதனால் தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், இறுகிவிடும். தென்னை நார்த் தூளும் மட்கிய உரமும் சமபாகம், அதில் ஒரு கை பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைத் துகள்) அல்லது கரடுமுரடான மணல் போதும். அடித் துளையை ஒரு துண்டு வலையால் மூடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால், தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

நாள் கணக்கே வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். லேசாக இருந்தால் காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் இலை ராத்திரி முழுக்க ஈரமாகக் கிடக்கும்.

மேடம், சைக்ளமென் நேற்று வரை நன்றாக இருந்தது. இன்று தண்டெல்லாம் நடுவிலிருந்து விரிந்து சாய்ந்துவிட்டது. தண்ணீர் போதவில்லையா?

தொட்டியைத் தூக்கிப் பார்த்தீர்களா? லேசாக இருந்தால் தாகம்தான். தொட்டியை அரை மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி வைத்து எடுங்கள், பெரும்பாலும் அன்றே நிமிர்ந்துவிடும். கனமாக இருந்தும் சாய்ந்திருந்தால் கிழங்கு அழுகத் தொடங்கியிருக்கலாம். கிழங்கின் தலையை விரலால் அழுத்துங்கள். கொழகொழவென்றால் முடிந்தது கதை. கல் மாதிரி இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, நிழலில் காற்றோட்டமாக வைத்துப் பாருங்கள்.

சைக்ளமெனுக்குத் தண்ணீரை நடுத்தலையில் ஊற்றக்கூடாது, தொட்டி ஓரமாகத்தான். நடும்போதே கிழங்கின் மேல்பாதி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். வாடிய பூவைக் கத்தரியால் நறுக்காதீர்கள், மிஞ்சும் துண்டுத் தண்டு அழுகி அந்த அழுகல் கிழங்குக்குள் இறங்கும். தண்டை அடியில் பிடித்து லேசாகத் திருகிச் சுண்டி இழுங்கள். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு வேரடியிலிருந்தே கையோடு வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் தினம் ஒரு வாடிய பூவைத் தேடுவதுண்டு. பூத்து ஓய்ந்து வெப்பம் ஏறியதும் இலை மஞ்சளாகும். அது நோயில்லை, தூக்கம். தண்ணீரைக் குறைத்துத் தூங்க விடுங்கள்.

என் பால்கனியில் 3 மணி நேர வெயில்தான். என்ன வைக்கலாம்?

அதே சைக்ளமென், பிரிமுலா, வயோலா. பிரிமுலாவில் ஒப்கோனிகா என்ற வகை சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: கோடையில் பார்த்த வெயிலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வடகோளத்தில் இருக்கிறவர்களுக்குக் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ்வாக வரும். கோடையில் நிழலாக இருந்த தெற்குப் பால்கனியில் இப்போது வெயில் உள்ளே வரை விழலாம்.

யூரியா போட்டும் பான்சி இலை வெளிறியே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். யூரியாவில் இருக்கும் தழைச்சத்தை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் முதலில் அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மண் குளிர்ந்தால் அந்த இரண்டாவது வேலை மந்தமாகிவிடும். அம்மோனியம் அப்படியே தேங்கி வேரைக் கெடுக்கும். குளிர்காலத்தில் நைட்ரேட் வடிவில் தழைச்சத்து உள்ள உரம்தான் வேலை செய்யும், கால்சியம் நைட்ரேட் மாதிரி. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதியைத் தண்ணீரில் கரைத்து, 2 வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். மண்புழு உரமும் போடலாம், ஆனால் குளிரில் நிதானமாகத்தான் பலன் தெரியும்.

தொட்டி பார்க்க அழகாக இருக்க எதோடு எதைச் சேர்க்கலாம்?

பின்னால் ஸ்னாப்டிராகன், நடுவில் அலங்கார முட்டைக்கோஸ் ஒன்று, விளிம்பில் வழிந்து இறங்க வெள்ளை அலிசம். அலிசத்துக்குத் தேன் வாசனை, அதனால் ஆள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். முட்டைக்கோஸ் வாங்கும்போது பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம், ராத்திரி 10 டிகிரியை ஒட்டி இறங்க இறங்கத்தான் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏறும். பலர் கோட்டைவிடுவது நிறத்தில். அடர் ஊதாப் பான்சி கைக்கெட்டும் தூரத்தில் பேரழகு. வாசலில் வைத்துத் தெருவிலிருந்து பார்த்தால் மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும். தூரத்திலிருந்து பார்க்கிற தொட்டிக்கு வெள்ளையும் மஞ்சளும்தான்.

துலிப் வைக்க ஆசை. கிழங்கு வாங்கிவிட்டேன்.

துலிப்புக்கு 12 வாரத்துக்குக் குறையாமல் நல்ல குளிர் வேண்டும், மிதமான குளிரில் அது தானாகக் கிடைக்காது. ஃபிரிட்ஜில் காகிதப் பையில் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிள் வைக்காதீர்கள், பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளேயிருக்கும் பூக்கருவைக் கெடுத்துவிடும். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் பேப்பர்வைட் நார்சிசஸ் இருக்கிறது, அதற்கு இந்தக் குளிரூட்டலே தேவையில்லை.

விதையிலிருந்து வளர்க்கிறேன். பான்சி முளைக்கவே இல்லை, ஸ்னாப்டிராகனும்தான்.

இரண்டையும் ஒரே மாதிரி விதைத்திருப்பீர்கள். பான்சி விதையை மண் தூவி மூடி இருட்டில் வைக்க வேண்டும். தூசி மாதிரி இருக்கும் ஸ்னாப்டிராகன் விதைக்கு வெளிச்சம் வேண்டும், மண்ணின் மேலேயே தூவி அழுத்திவிட்டால் போதும். பான்சி பூக்க விதைத்ததிலிருந்து ஏறக்குறைய 3 மாதமாகும், அதற்கேற்ப முன்கூட்டியே ஆரம்பியுங்கள். ஸ்னாப்டிராகன் ஒரு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள், ஒரு தண்டு நான்காகும்.

உறைபனி வரும் என்று சொல்கிறார்கள். இன்று ராத்திரிக்கு என்ன செய்ய?

தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வையுங்கள். மண் காய்ந்திருந்தால் இப்போதே நனையுங்கள். பழைய வேட்டியோ போர்வையோ போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், இலையில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் கருகும். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். விறைத்து நிற்கும் இலையைத் தொடாதீர்கள்.

வீட்டில் பூனையும் 2 வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள், அக்கா.

சைக்ளமென் வேண்டாம், கிழங்கு நஞ்சு. ஸ்வீட் பீ என்ற பூங்கொடியின் விதையும் ஆகாது. வயோலா, ஸ்னாப்டிராகன் பரவாயில்லை.

மொட்டு முழுக்கப் பச்சையாகப் பூச்சி அப்பிக் கிடக்கிறது.

அசுவினி. நாலு மொட்டில் இருக்கும்போதே விரலால் வழித்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மிஞ்சினால் சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள், இனிப்புக் கழிவுக்காக அது அசுவினிக்குக் காவல் நிற்கும்.

வெயில் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிடவா?

பான்சியைப் பிடுங்கலாம், இனி தேறாது. காலெண்டுலாவில் காய்ந்த பூவை விட்டுவைத்து விதை எடுங்கள், கொக்கி மாதிரி வளைந்திருக்கும். ஸ்னாப்டிராகனை மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். பாதிக்கு வெட்டி, உரத்தண்ணீர் கொடுத்து, மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். கோடை முற்றுவதற்குள் இன்னொரு சுற்றுப் பூத்துவிடும்.