பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன?

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் இந்தியக் குடியுரிமை பற்றி வந்த கேள்விகள் இந்த முறை.

கேள்வி: நானும் மனைவியும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள், சிங்கப்பூரில் வேலை. மகள் பிறந்து இருபது நாள் ஆகிறது. இங்கே பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். "அப்பா அம்மா இந்தியர் என்றால் பிள்ளையும் இந்தியர்தான், மற்றதை ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மாமனார். சரிதானா?

பதில்: உங்கள் மகள் 2004 டிசம்பர் 3-க்கு முன்னால் பிறந்திருந்தால் மாமனார் சொல்வது ஏறக்குறைய சரி. அன்றைக்குத்தான் குடியுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்தால்தான் அது இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள். பெற்றோர் இருவரும் இந்தியராக இருந்தாலும் இதுதான் விதி. கெடு, பிறந்த நாளிலிருந்து ஓராண்டு.

கையில் இருக்கும் சான்றிதழை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். குழந்தை பிறக்கும்போது சிங்கப்பூர்க் குடியுரிமை உடையது அல்ல என்று அதில் ஒரு வரி இருக்கும். அதாவது, இவள் எங்கள் ஊர்க்காரி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள், எங்கள் ஊர்க்காரிதான் என்று நம்மவர்கள் இன்னும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் இருக்கிறாள் உங்கள் மகள். பதிவு இல்லாமல் இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு எப்படி வருவீர்கள்?

'ஊருக்கு வந்து பதியலாம்' என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் உண்டு. குடியேறும் எண்ணத்தோடு இந்தியா திரும்புகிறவர்கள், தூதரகத்தில் பதியாமல் விட்ட பிறப்பை, குழந்தை வந்து சேர்ந்த 60 நாட்களுக்குள் இங்கே பதியலாம் என்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது பிறப்புப் பதிவு மட்டுமே. குடியுரிமை அதில் வராது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, குழந்தையின் சான்றிதழ், உங்கள் இருவரின் பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றோடு தூதரகத்தில் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழியும் உண்டு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் அதே நடையில் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், முடிந்தால் ஒரு நாள் லீவு மிச்சம்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில்தான். அப்பாவின் பாஸ்போர்ட்டில் 'செந்தில்குமார் ராமசாமி' என்று இருக்கும், திருமணச் சான்றிதழில் 'ஆர். செந்தில்குமார்', ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த தாளில் ராமசாமியே செந்தில்குமாரின் பெயராகி, குழந்தைக்கு அப்பா தாத்தா என்று ஆகியிருக்கும். நமக்குச் சிரிப்பு வரும், கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு வராது, அவருக்கு இவர்கள் மூன்று வேறு ஆட்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமே கிடையாது, விரித்துத்தான் எழுத வேண்டும். என் நண்பர் ஒருவர் மனைவியின் பெயரில் ஒரு ஆங்கில 'எச்' ஒரு தாளில் இருந்து இன்னொன்றில் இல்லாததால் மூன்று முறை போய்வந்தார். எனவே விண்ணப்பத்தைத் தொடும் முன் எல்லாத் தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். குழந்தையின் சான்றிதழில் தப்பு இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு அப்புறம் மற்றது.

கேள்வி: மகன் நியூஜெர்சியில் பிறந்து 14 மாதம் ஆகிறது. அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. நாங்கள் இருவரும் இந்தியக் குடிமக்கள். ஓராண்டு தாண்டிவிட்டதே, அபராதம் கட்டியாவது இந்தியப் பாஸ்போர்ட்டும் எடுக்கலாமா?

பதில்: ஓராண்டு தாண்டியது உங்கள் பிரச்சினையே இல்லை. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்து மத்திய அரசின் அனுமதியோடு பிறகும் பதியலாம், நாள் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். சிக்கல் அந்த நீலப் பாஸ்போர்ட். மேலே சொன்ன உறுதிமொழியை உங்களால் உண்மையாக எழுதிக் கொடுக்க முடியாது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சட்டம் கேட்பது 'வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறதா' என்றுதான், 'வேறு நாட்டுக் குடியுரிமை இருக்கிறதா' என்று அல்ல. அமெரிக்க மண்ணில் பிறந்ததாலேயே உங்கள் மகன் அமெரிக்கக் குடிமகன், பாஸ்போர்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். எடுக்காமல் தூதரகத்தில் பதிந்திருந்தால் மைனராக இருக்கும்வரை இந்தியக் குடிமகனாகவும் இருந்திருப்பான். 18 வயது முடிந்த ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டின் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று குடியுரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவில் இருக்கிறது. எந்தப் பாஸ்போர்ட்டை எடுப்பது என்று முடிவு செய்யும் முன் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி உங்களுக்கு வழி ஓசிஐ கார்டு, அதாவது 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' அட்டை. வாழ்நாள் விசா மாதிரி, வந்து போகலாம், இருக்கலாம். வாக்கு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பெயரில் 'சிட்டிசன்' என்று இருப்பதைப் பார்த்து இரட்டைக் குடியுரிமை என்று நினைத்துவிடாதீர்கள், அது இல்லை.

கேள்வி: அம்மா இந்தியர், அப்பா மலேசியர். பினாங்கில் நான் 1991-இல் பிறந்தேன், தங்கை 1994-இல். அம்மா வழியில் எங்களுக்கு இந்தியக் குடியுரிமை உண்டா?

பதில்: உங்களுக்கு இல்லை. 1992 டிசம்பர் 10 வரை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா இந்தியராக இருந்தால் மட்டும்தான் வம்சாவளிக் குடியுரிமை, அம்மா கணக்கில் வரவில்லை. அன்றிலிருந்துதான் இருவரில் ஒருவர் போதும் என்று ஆனது. அம்மா இந்தியாவில் பிறந்த குடிமகள் என்றால் தங்கைக்குப் பிறக்கும்போது உரிமை இருந்திருக்கும். அவரும் 2012-இல் 18 வயதைத் தாண்டி மலேசியக் குடியுரிமையையே வைத்துக்கொண்டிருந்தால், அது அந்த ஆறு மாதக் கெடுவோடு போயிருக்கும். இப்போது இருவருமே ஓசிஐ-க்கு விண்ணப்பிக்கலாம், அம்மாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.