உடலோடு எழுந்தாரா, உள்ளத்தில் எழுந்தாரா?

கேள்வி: உயிர்த்தெழுதலை உள்ளத்தில் நடக்கும் அனுபவமாகப் பார்ப்பது இந்தக் காலத்துப் படித்தவர்களின் கண்டுபிடிப்பு, ஆதித் திருச்சபையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை என்கிறார் என் நண்பர். சரியா? நீங்கள் எந்தப் பக்கம்?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: சரியில்லை. புதிய ஏற்பாட்டிலேயே இதற்குத் தடயம் இருக்கிறது. இமெநேயு, பிலேத்து என்ற இருவர் உயிர்த்தெழுதல் நடந்து முடிந்துவிட்டது என்று போதிப்பதாக, தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் கண்டிக்கிறது. அதாவது, விசுவாசிகள் உயிர்த்தெழுவது இறந்த பின் உடலில் அல்ல, இப்போதே உள்ளத்தில் என்ற போதனை. கேட்க ஆள் இல்லாத போதனையை யாரும் இப்படிப் பெயர் சொல்லிக் கண்டிக்க மாட்டார்கள்.

1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே ஒரு ஜாடிக்குள் கிடைத்த காப்டிக் மொழி நூல்களில் அந்தத் தரப்பு தானே பேசுகிறது. ஆண்டவர் முதலில் இறந்து பிறகு எழுந்தார் என்பவர்கள் தவறுகிறார்கள், அவர் முதலில் எழுந்தார், பிறகே இறந்தார் என்கிறது பிலிப்பு நற்செய்தி. ரெகினோஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் ஒன்றும் அங்கே கிடைத்தது. உயிர்த்தெழுதல் மாயை அல்ல, இந்த உலகம்தான் மாயை என்கிறது அது. இவர்களை நம்பிக்கையற்றவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

அப்போஸ்தலர் பவுலை இரண்டு தரப்பும் சொந்தம் கொண்டாடின. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: 'ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்.' சரீரம் என்கிறார், ஆனால் மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காது என்றும் சொல்கிறார். லூக்கா நற்செய்தியிலோ உயிர்த்த இயேசு பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார்!

அப்புறம், என் பக்கம். நான் உடல் என்பவர்களோடுதான் நிற்கிறேன். அதற்குக் காரணம் கி.பி. 177-ல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் நடந்தது. பிளாண்டினா என்ற அடிமைப் பெண் உட்படப் பல கிறிஸ்தவர்களை அங்கே வதைத்துக் கொன்றார்கள். பிணங்களை ஆறு நாள் வெளியில் போட்டு வைத்து, பிறகு எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இவர்கள் உயிர்த்தெழும் நம்பிக்கைகூட இல்லாமல் போகட்டும் என்பதே நோக்கம் என்று தப்பியவர்கள் எழுதிய கடிதம் சொல்கிறது. அடிமையின் உடல் எசமானின் சொத்தாக இருந்த காலம் அது. அந்த உடலைக் கடவுள் கைவிட மாட்டார் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்த ஊருக்கு அடுத்து ஆயரானவர் இரேனியு. உள்ளத்தில் எழுவது என்ற தரப்பை மறுத்துச் சுமார் 180-ல் அவர் எழுதிய நூலில் உடலுக்காக வாதாடுகிறார்: நற்கருணையில் (அப்பமும் இரசமும் பகிரும் வழிபாட்டில்) ஆண்டவரின் உடலையும் இரத்தத்தையும் உண்டு வளர்ந்த சதை எப்படி நித்திய வாழ்வுக்குத் தகுதியற்றதாகும்? அவருக்கு இது வெறும் தத்துவ விவாதமாக இருந்திருக்க முடியாது. ஆற்றில் போனவர்கள் அவருடைய சபையார்.