ஸ்பெயின் எக்ஸ்சேஞ்சில் ஊர் சுற்றும் நாட்கள்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

இங்கிலாந்தில் ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளைகள் ஒரு வாரம் ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு தங்குவார்கள். சில மாதம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து நம் வீட்டில் தங்கும். நான் ஸ்பானிஷ் ஆசிரியை. செவில் நகரத்து எக்ஸ்சேஞ்சுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். இந்தப் பயணங்களைப் பற்றித் தமிழ்ப் பெற்றோர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், மகளுக்கு செவில் பயணத் திட்டம் வந்துவிட்டது. தினமும் காலையில் ஊர் சுற்றல். அந்த நேரத்தில் அவள் தங்கும் வீட்டுப் பெண் வகுப்பில் இருப்பாளாம். பிறகு இது என்ன எக்ஸ்சேஞ்ச்?

சரியான கேள்வி. அங்கே உயர்நிலைப் பள்ளிகள் பொதுவாகக் காலை எட்டேகாலுக்குத் தொடங்கி மதியம் மூன்று மணிக்குள் முடிந்துவிடும். அதனால் காலையில் நம் பிள்ளைகளைத் தனியாக வெளியே கூட்டிப்போவதுதான் பள்ளிகளுக்குச் சுலபம். ஆனால் இங்கிருந்து போன தோழிகளோடு மட்டும் சுற்றினால் வாய் ஆங்கிலம்தான் பேசும். அதற்கு விமானம் ஏற வேண்டியதே இல்லை. ஒரு முழு நாளாவது இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து போகும்படி கேளுங்கள். முடியாது என்றால் மாலை நேரத்தைக் கேளுங்கள். அங்கே மதியச் சாப்பாடே மூன்று மணிக்கு. வசந்த காலத்தில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

சேர்ந்து போகும் அந்த நாளில் எங்கே போகலாம்?

நான் முதலில் சொல்வது பிளாசா தே எஸ்பான்யா. 1929 கண்காட்சிக்காகக் கட்டிய அரைவட்ட மாளிகை. அதன் அடியில் ஸ்பெயினின் மாகாணங்களுக்கு ஒவ்வொன்றாக வண்ண ஓடு பதித்த மாடம், அதில் உட்காரத் திண்ணை, அந்த மாகாணத்தின் வரலாற்றுக் காட்சி ஒன்று, தரையில் வரைபடம். 'உன் பாட்டி ஊர் எது, காட்டு' என்று கேட்கச் சொல்வேன். செவில் பிள்ளை அந்த மாடத்தைத் தேடி ஓடும், தரையில் உட்கார்ந்து விரலால் ஊரைக் காட்டும். பாட்டி, அத்தை, கோடை விடுமுறை என்று பேச்சு தானாக வளரும். வழிகாட்டி ஒருவர் மைக்கில் அரை மணி நேரம் பேசியதில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஹிரால்டா கோபுரம். 12ஆம் நூற்றாண்டு மசூதியின் மினார்தான் இன்று பேராலயத்தின் மணிக்கோபுரம். உயரம் 100 மீட்டருக்கு மேல். உள்ளே படிக்கட்டுக்குப் பதிலாக 35 சரிவுப் பாதைகள். பாங்கு சொல்பவர் குதிரையில் ஏறிப் போவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்பார்கள். இருவர் இருவராகப் பேசிக்கொண்டே ஏறலாம், மூச்சு வாங்காது. அல்காசார் அரண்மனையும் அருமை, ஆனால் அதே நாளில் திணிக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் பிள்ளைகள் கண் மொபைலில்தான் இருக்கும்.

கிரனாடா நகரத்து அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனையைப் பார்க்காமல் வந்தால் எப்படி? பணம் கட்டத் தயார்.

செவிலில் இருந்து கிரனாடாவுக்குச் சுமார் 250 கிலோமீட்டர். போக வர பஸ்ஸிலேயே ஆறு மணி நேரம் போய்விடும். டிக்கெட் ஒவ்வொருவர் பெயரிலும் வரும், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். அதற்குள் இருக்கும் நஸ்ரி அரண்மனைகளுக்குக் குறித்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். குடும்பமாக இன்னொரு முறை போய் நிதானமாகப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு கோர்தோபா நகரமே மேல். விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம். அங்குள்ள பெரிய மசூதியில் 850க்கும் அதிகமான தூண்கள், சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று நடுவில் 16ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் எழுந்து நிற்கும். இது சரியா, தவறா என்று கேட்டுவிட்டால் போதும். இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் வெளியே வந்த பிறகும் விவாதிப்பார்கள்.

அக்கா, நாங்கள் சைவம். வெளியே போகும் நாளில் மகன் என்ன சாப்பிடுவான்?

தங்கும் வீட்டில் ரொட்டிக்குள் எதையாவது வைத்து பொக்காதியோ கட்டிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஹாம்தான், அதாவது பன்றி இறைச்சி. அதனால் 'மாமிசம் வேண்டாம்' என்று சொல்வது போதாது. ஹாம் வேண்டாம், டூனா வேண்டாம், முட்டை சாப்பிடுவானா மாட்டானா என்று தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். முட்டை சாப்பிட்டால் உருளைக்கிழங்கு தோர்த்தில்யா என்ற முட்டை அடை எங்கும் கிடைக்கும். சல்மோரேஹோ என்ற தக்காளிக் குழம்பின் மேல் ஹாம் தூவுவார்கள், கவனம். செவிலில் அவசியம் சாப்பிட வேண்டியது கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைப்பது. சீரகமும் பூண்டும் போட்டிருப்பதால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

டீச்சர், மகளிடம் இலங்கை பாஸ்போர்ட்தான் இருக்கு. பள்ளிக் குழுவோடு போவதால் விசா தேவையில்லை என்கிறார்கள், உண்மையா?

இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்துச் சலுகை அது. இப்போது ஷெங்கன் விசா, அதாவது ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பள்ளியிடம் இன்றே கடிதம் கேளுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகளுக்கு விசா வேண்டாம். ஆனால் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது அந்தப் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபரில் வந்த புதிய எல்லைப் பதிவு முறையில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் கைரேகையும் எடுப்பார்கள்.

அங்கிருந்து வரும் பிள்ளைக்கும் இதைச் சொல்லுங்கள்: ஸ்பெயின் அடையாள அட்டை இங்கே செல்லாது. பாஸ்போர்ட்டும், பயணத்துக்கு முன்பே இணையத்தில் வாங்கும் ஈ.டி.ஏ. அனுமதியும் வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் போனால்?

வேண்டாம். அந்த வாரத் தேவாலய ஊர்வலங்கள் பார்க்க அற்புதம். ஆனால் அங்கே பள்ளி விடுமுறை, தெருக்கள் அடைபட்டிருக்கும், குழுவைக் கூட்டிப்போவது பெரும்பாடு. ஜூன் மாத வெயிலும் வேண்டாம்.

அவர்கள் பையன் எங்கள் வீட்டுக்கு வரும்போது சனிக்கிழமை எங்கே கூட்டிப்போவது? லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

கிரீனிச். வெஸ்ட்மின்ஸ்டரில் படகு ஏறினால் பாராளுமன்றம், டவர் பிரிட்ஜ் எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். இறங்கி, மலையேறி, பூஜ்ய டிகிரி தீர்க்கரேகைக் கோடு வரைக்கும் போங்கள். அந்தக் கோடு கிழக்கு ஸ்பெயின் வழியாகவும் போகிறது. ஆனாலும் 1940இல் முன்னே நகர்த்திய ஸ்பெயின் கடிகாரம் இன்றும் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால்! ஏன் என்று உங்கள் மகன் அவனிடம் கேட்கட்டும். மழை வந்தால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அனுமதி இலவசம், நேரத்தை மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு போட்டுவிட்டு முடித்துவிடாதீர்கள். அவனுக்கு ஒன்பது, பத்து மணிக்கு மறுபடி பசிக்கும். தோசை மாவு இருந்தால் அப்போது இரண்டு ஊற்றிக் கொடுங்கள்.